அச்சுப் படங்களும் ஆடல் மகளிரும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வாழும் பழைய வீடுகளின் பூசையறைகளில், பாறைமேல் அமர்ந்து வீணை மீட்டும் கலைமகளின் படத்தை இன்றும் காணலாம். அருகே ஒரு மயில் நிற்கும். தாராவியில் சிறு கடைகளின் கல்லாப் பெட்டிக்கு மேலே தாமரைமேல் நின்ற கோலத்தில் திருமகள் இருப்பாள். யானை ஒன்று மாலையை ஏந்தி நிற்கும். நிறம் மங்கியிருக்கும், கண்ணாடியில் சாம்பிராணிப் புகை படிந்திருக்கும். அத்தகைய பழைய படம் ஒன்றை நாம் ஒருமுறை சட்டத்திலிருந்து கழற்றிப் பார்க்க நேர்ந்தது. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. ஓவியர் ரவிவர்மாவின் பெயர் இருந்தது. தேவியின் பெயரும் இருந்தது. ஆனால், ஓவியருக்கு முன்னால் அசையாது அமர்ந்திருந்து தன் முகத்தைத் தேவிக்கு இரவலாகத் தந்த பெண்ணின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அது ஒரு குறையென்றே நமக்கு அதுவரை தோன்றியதில்லை. கடவுள் படத்தில் மனிதப் பெண்ணின் பெயரை யார் தேடுவார்? ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகே அந்தக் கேள்வி நம் மனத்தில் எழுந்தது. அந்தப் படங்களிலும் அழகிய பெண்களே நிறைந்திருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கணிகையர். ஆனால் ஒவ்வொருத்தியின் தலைக்கு மேலும் அவளது பெயரும் அவள் வாழ்ந்த மனையின் பெயரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பெயர் அச்சாயிற்று. இங்கே ஏன் ஆகவில்லை? அப்படி அச்சான பெயரால் அப்பெண்களுக்குக் கிடைத்ததுதான் என்ன? இவ்விரண்டையும் சற்று ஆராய்வோம்.

எடோ என்பது இன்றைய தோக்கியோ நகரின் பழைய பெயர். 1868ஆம் ஆண்டில்தான் அது தோக்கியோ ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்தனர். போர்கள் ஓய்ந்துவிட்டன, வணிகர் கையில் பணம் சேர்ந்தது, ஆனால் அவர்களுக்கு அரசியலில் இடமில்லை. எஞ்சியது கேளிக்கை. துயரம் நிறைந்த உலகம் என்னும் பொருளில் பௌத்தர்கள் வழங்கிவந்த ‘உகியோ’ என்ற சொல்லை, எடோ மக்கள் ஒலியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘மிதக்கும் உலகம்’ என்று பொருள்படச் செய்தனர். நாடகக் கொட்டகையும் கணிகையர் வீதியுமே அந்த மிதக்கும் உலகத்தின் இரு கரைகள். அவ்வுலகைக் காட்டும் படங்களுக்கு ‘உகியோ-யே’ என்று பெயர்.

அப்படங்கள் தோன்றும் விதமே சுவையானது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் வரைவார். அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின்மீது முகங்குப்புற ஒட்டிவிடுவர். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி, மற்ற இடங்களைச் செதுக்குபவர் உளியால் குடைந்து எடுப்பார். ஓவியர் வரைந்த மூலப் படம் இந்த வேலையில் அழிந்தே போகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகை தனியே செதுக்கப்படும். தாள் ஒவ்வொரு பலகையிலும் இம்மியும் பிசகாமல் ஒரே இடத்தில் அமரவேண்டும் அல்லவா? அதற்காகப் பலகையின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுக் குறிகள் உண்டு. இயந்திரம் எதுவும் இல்லை. மல்பெரிவகை மரத்தின் பட்டையிலிருந்து செய்த தாளைப் பலகைமேல் விரித்து, மூங்கிற்பாளை சுற்றிய வட்டமான திண்டினால் அச்சிடுபவர் முதுகுப்புறம் தேய்ப்பார். அவ்வளவே. பல நிறங்களில் அச்சிடும் முறை 1765ஆம் ஆண்டில் சுசுகி ஹருநோபு என்ற ஓவியரின் காலத்தில் நிலைபெற்றது. செல்வந்தரான கவிதை அன்பர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்ட நாட்காட்டிப் படங்களே அதற்கு வித்து. சிவகாசி நாட்காட்டிகளை நினைவுகூரும் நேயர்கள் இங்கே புன்னகை செய்யலாம். ஒரு படத்தின் விலை, தெருக்கடையில் விற்ற ஒரு கிண்ண நூடுல்சின் விலைக்குச் சற்றே மேல்; கூலிக்காரனும் வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி அத்தாளில் யார் யார் பெயர் இருக்கிறதென்று பார்ப்போம். ஓவியரின் கையொப்பம் இருக்கும். பணம் போட்டு வெளியிட்டவரின் முத்திரை இருக்கும். 1790 முதல் அரசாங்கத் தணிக்கையின் முத்திரையும் சேர்ந்துகொண்டது. செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களை அரிதாகவே காணலாம். கணிகையின் பெயரோ நெற்றியில் எழுதியதுபோல் பளிச்சென்று இருக்கும். காரணம் எளிது, அந்தப் படம் ஒரு விளம்பரம். 1770களில் இசோதா கோர்யூசாய் என்ற ஓவியர், புத்தாண்டின் புதிய உடை வகைகளை அணிந்த கணிகையரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் வரிசையாக வரைந்தார். துணி வியாபாரிக்கும் ஆதாயம், கணிகையர் மனைக்கும் ஆதாயம்.

யோஷிவாரா என்னும் அந்தக் கணிகையர் வீதி 1617இல் அரசின் உரிமம் பெற்றது. 1657ஆம் ஆண்டில் எடோவை எரித்த பெருந்தீக்குப் பின் நகரின் வடகோடிக்கு, அசாகுசாவுக்கு அப்பால் மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, வாயில் ஒன்றே. ஏழைப் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு சிறுமியரை அங்கே ஒப்படைத்தனர். கடன் தீரும்வரை அவர்கள் வெளியே வர இயலாது. உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவும் அவர்கள் கணக்கிலேயே ஏறும். படத்தில் நாம் காணும் பட்டாடை அந்தக் கடனின் ஒரு பகுதிதான். இதை மறந்துவிட்டு அந்தக் கோடுகளின் நயத்தை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பது சரியன்று என்பது நம் கருத்து.

பெயரின் நிலை என்ன? ஓகியா என்ற புகழ்பெற்ற மனையின் ‘ஹனாஓகி’ என்னும் கணிகையைப் பல ஓவியர்கள் வரைந்துள்ளனர். ஆனால் ஹனாஓகி என்பது ஒருத்தியின் பெயரன்று. ஒருத்தி போனபின் மற்றொருத்தி அந்தப் பெயரை ஏற்றாள், அவளுக்குப்பின் வேறொருத்தி. பெயர் மனைக்குச் சொந்தம். பெண் அதைச் சில ஆண்டுகள் சுமந்தாள். அவளுடைய தாய் தந்தையர் இட்ட பெயர் படத்தில் இல்லை. யோஷிவாராவுக்கு அருகே மினோவாவில் ஜோகன்ஜி என்ற கோயில் இருக்கிறது. கேட்பாரற்று இறந்த யோஷிவாராப் பெண்களின் உடல்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். ஏறத்தாழ 25,000 பேர் அங்கே புதைக்கப்பட்டதாகக் கணக்கு. அக்கோயிலை மக்கள் ‘எறிந்துவிட்டுப் போகும் கோயில்’ என்றே அழைத்தனர். யோஷிவாராவின் கணிகைத் தொழில் 1958இல் சட்டத்தால் முடிவுற்றது.

கணிகையின் பெயருக்கு இருந்த இந்த அச்சுரிமை, ஒரு கட்டத்தில் மற்றப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது என்பது விந்தை. கிதாகாவா உடமாரோ என்ற பேரோவியர், சுதாயா ஜூசபுரோ என்னும் பதிப்பாளரின் துணையோடு, 1790களில் பெண்களின் முகத்தை மட்டும் பெரிதாக வரையும் புதுமுறையைக் கையாண்டார். அவர் கணிகையரோடு நிற்கவில்லை. தேநீர்க் கடையில் வேலைசெய்த ஒகிதா, ஒஹிசா முதலிய சாதாரணப் பெண்களையும் பெயரோடு வரைந்தார். அவர்களைக் காண நகரமே கடைவாயிலில் திரண்டது. 1793இல், கணிகையரல்லாத பெண்களின் பெயரைப் படங்களில் அச்சிடலாகாது என்று அரசு தடுத்தது. உடமாரோ என்ன செய்தார் தெரியுமா? படத்தின் மூலையில் ஒரு சிறு கட்டம் வரைந்து, அதனுள் கீரைக்கட்டுகள், அம்பு, கடல், நெல்வயல் என்று சித்திரங்களை வைத்தார். ஜப்பானிய மொழியில் அவற்றின் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ‘நானிவாயா ஒகிதா’ என்று வரும்! குழந்தைகளின் விடுகதைபோன்ற இந்தத் தந்திரத்தையும் 1796இல் அரசு தடைசெய்தது. பிறகு 1804இல், முன்னாள் ஆட்சியாளர் ஹிதேயோஷியைச் சித்திரித்த குற்றத்துக்காக உடமாரோவின் கைகளில் 50 நாள் விலங்கு பூட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்தார்.

மிதக்கும் உலகத்தின் மறுகரையான கபூகி நாடகத்தில் பெயரின் கதை வேறு. அந்நாடகத்தைத் தொடங்கியவளே ஒரு பெண். 1603ஆம் ஆண்டளவில் கியோத்தோவின் ஆற்றங்கரையில் ஆடிய ஒகுனி. 1629இல் பெண்கள் மேடையேறுவதை அரசு தடுத்தது. அது முதல் ஆண்களே பெண் வேடமும் தரித்தனர். அவர்களுடைய பெயர்களும் வழிவழியாக வருபவையே. எனினும் அவை குடும்பத்தின் சொத்து. இச்சிகாவா தஞ்சூரோ என்ற பெயரை 2022இல் பதின்மூன்றாமவர் ஏற்றுக்கொண்டார். பெண் வேடத்தில் புகழ்பெற்ற இரண்டாம் செகாவா கிகுநோஜோ விரும்பி உடுத்திய ஒருவகைப் பழுப்பு நிறத்துக்கு ‘ரோக்கோ’ என்ற அவரது புனைபெயரையே வைத்து, எடோவின் பெண்கள் அந்நிறத்தில் ஆடை அணிந்தார்களாம். ஒரு பெண் எப்படி உடுக்க வேண்டுமென்பதை ஓர் ஆண் நடிகரைப் பார்த்து அவர்கள் கற்றனர்.

1794இன் நடுவில் ஷராக்கு என்ற பெயருடைய ஓவியர் திடீரெனத் தோன்றினார். பத்தே மாதங்களில் ஏறக்குறைய 140 படங்களை வெளியிட்டு, 1795இன் தொடக்கத்தில் மறைந்துபோனார். மற்றவர்கள் பெண்வேட நடிகரைப் பெண்ணாகவே வரைந்தனர். ஷராக்குவோ வேடத்துக்குள் தெரியும் ஆணின் தாடையையும் முதுமையின் சுருக்கத்தையும் மறைக்காமல் வரைந்தார். மக்கள் அதை விரும்பவில்லை போலும். நம் கண்ணுக்கு அந்தப் படங்களே மிகவும் உயிருள்ளவை. 1842இல் நடிகர் படம், கணிகையர் படம் இரண்டையும் அரசு ஒருசேரத் தடுத்தபோது, குனியோஷி என்பவர் நடிகர்களின் முகங்களைச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கியதுபோல் வரைந்து விற்றார். பார்த்தவர் யாரென்று அறிந்துகொண்டனர்.

இனி மும்பைக்கு, அதாவது அந்நாளைய பம்பாய்க்கு வருவோம். இங்கும் மேடையில் பெண்களாக ஆண்களே தோன்றிய காலம் நெடியது. பார்சி நாடகக் குழுக்களிலும் மராத்தி இசை நாடகங்களிலும் அதுவே வழக்கம். ஜெயசங்கர் என்ற குஜராத்திச் சிறுவர் 1901இல் பம்பாய் மேடையில் ‘சௌபாக்கிய சுந்தரி’ நாடகத்தில் சுந்தரியாக நடித்துப் பெற்ற புகழால், வாழ்நாள் முழுதும் ஜெயசங்கர் சுந்தரி என்றே வழங்கப்பட்டார். பால கந்தர்வர் எனப்பட்ட நாராயணராவ் ராஜஹம்சர் மேடையில் புடைவை உடுத்திய பாங்கைக் கண்டு மராட்டிய நாட்டு மங்கையர் தாமும் அவ்வாறே உடுத்தினர். எடோவின் பழுப்பு நிறத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேடையும் அச்சுப் படமும் நெருங்கிய உறவினர் என்பதற்கு நம் தென்னாட்டிலும் சான்று உண்டு; சிவகாசி நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு, முன்னர் நாடகக் கம்பெனியில் திரை எழுதியவரே.

கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, தம் எண்ணெய் ஓவியங்களை அச்சிட்டு எளியோர் வீடுகளுக்கும் எட்டச்செய்ய விரும்பினார். அவ்வாறு செய்யுமாறு அவருக்கு யோசனை கூறியவர்களுள் திருவிதாங்கூர், பரோடா சமஸ்தானங்களில் திவானாக இருந்த சர் டி. மாதவராவும் ஒருவர். 1894இல் பம்பாயின் கிர்காம் பகுதியில் அச்சகம் அமைந்தது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் வல்லுநரும் வந்தனர். இங்கே மரப் பலகைக்குப் பதில் வழுவழுப்பான சுண்ணாம்புக்கல். உளிக்கு வேலையில்லை, கொழுப்புச் சேர்ந்த மையால் கல்லின்மேல் எழுதினால், எழுதிய இடம் நிற மையைப் பற்றும், ஈரமான மற்ற இடம் தள்ளிவிடும். ஆயினும் நிறத்துக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பதிவு, பிசகாமல் பொருந்தவேண்டிய தாள் என்ற அடிப்படை எடோவின் முறையேதான். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் முதலில் வெளிவந்தது. 1896இல் தோன்றிய பிளேக் நோய் நகரை அலைக்கழித்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் பெயர்ந்தது. பின்னர் அங்கே பணியாற்றிய ஷ்லைக்கர் என்னும் ஜெர்மானியரின் உடைமையாயிற்று. ரவிவர்மா 1906இல் மறைந்த பின்னும், அவர் வரையாத படங்களும் அவர் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. ஓவியரின் பெயரே வாணிகச் சின்னமாகிவிட்டது, ஹனாஓகியைப் போல. ஜப்பானிலிருந்து பம்பாய்க்கு இறக்குமதியான தீப்பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளிலும் அப்பாணியில் நம் தேவியர் தோன்றினர் என்பது இங்கே நினைக்கத்தக்க வேடிக்கை.

அந்தத் தேவியருக்கு முகம் தந்தவர் யார்? அக்காலத்தில் குடும்பப் பெண்கள் அயலான் ஒருவன்முன் அமர்ந்து படம் எழுத இசைய மாட்டார்கள். எனவே ஓவியர்கள் பாடகியரையும் ஆடல் மகளிரையும் நாடினர். கோவாவின் கோயில்களில் பாட்டையும் ஆட்டத்தையும் வழிவழித் தொழிலாகக் கொண்ட கலாவந்த் குலத்துப் பெண்கள், நம் தேவரடியார் போன்றவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்பைத் தேடிப் பம்பாய்க்கு வந்து கிர்காமின் சுற்றுவட்டாரத்தில் குடியேறினர். அச்சகம் எழுந்ததும் அதே பகுதிதான். ரவிவர்மாவின் தேவியருக்கு மாதிரியாக அமர்ந்தவராக ராஜிபாய் மூல்காவ்கர் என்பவரின் பெயர் கூறப்படுகிறது. ஊஞ்சலாடும் மோகினியின் முகம் அஞ்சனிபாய் மால்பேகருடையது என்றும் சொல்வர். இச்செய்திகளெல்லாம் வாய்வழியாகவும் பிற்கால நூல்கள் வழியாகவும் நமக்குக் கிட்டியவை. எந்தப் படத்தின் அடியிலும் இப்பெயர்கள் அச்சாகவில்லை.

அச்சாகியிருந்தால் படம் விற்றிருக்குமா? பூசையறைக்குள் நுழைந்திருக்குமா? நுழைந்திராது என்றே நினைக்கிறோம். எந்த வீட்டுத் திண்ணைக்கு அப்பால் அந்தப் பெண் வரக்கூடாதோ, அந்த வீட்டின் உள்ளறையில் அவள் முகம் கற்பூர ஆரத்தி ஏற்றது. பெயரை உதறியதே அதற்குக் கொடுத்த விலை. இதில் வேடிக்கை என்னவென்றால், கணிகை என்ற சொல்லுக்கே அந்த அச்சகம் அஞ்சியதாகச் சொல்ல முடியாது. மேனகையும் ரம்பையும் திலோத்தமையும் அங்கே அச்சாயினர். ‘மிருச்சகடிகம்’ நாடகத்தின் தலைவியாகிய வசந்தசேனை என்னும் கணிகையும் தன் பெயரோடு வெளிவந்தாள். தேவலோகத்துக் கணிகைக்கும் காவியத்துக் கணிகைக்கும் பெயர் உண்டு. கிர்காமின் மாடி வீட்டில் வாழ்ந்தவளுக்கு இல்லை.

நம் நாட்டில் இது என்றும் இப்படியே இருந்ததென்று எண்ண வேண்டாம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசராச சோழன் தஞ்சைப் பெருங்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பவையெல்லாம் கோயிலின் வெளிச்சுவரில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். அதே கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியம் 1931இல் வெளிப்பட்டது. அங்கே ஆடும் மகளிர் அழகிய முகங்களோடு தோன்றுகின்றனர். அவர்களுக்குப் பெயர் இல்லை. வெளிச்சுவரில் முகமில்லாத பெயர்கள். உட்சுவரில் பெயரில்லாத முகங்கள். இரண்டையும் இணைத்துப் படிக்க இன்று வழியில்லை.

பாடகியின் பெயரை மீட்டுத் தந்தது ஓர் இயந்திரம். 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியபோது, பாட்டின் முடிவில் பாடுபவர் தம் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். எந்தத் தட்டில் எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவதென்று அங்குள்ளோர் அறியவேண்டுமே! கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற கணிகை பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தம் பெயரை அறிவிப்பதை இன்றும் கேட்கலாம். பெருமிதமான குரல். நம் பக்கத்துப் பாடகியர் தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகவே சூடிக்கொண்டனர். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் ‘எஸ்’, வீணை வல்ல அவருடைய அன்னை சண்முகவடிவைக் குறிக்கும். மாட்டுங்காவில் சண்முகானந்த சபையின் மேடையில் அவரைக் கேட்ட நேயர்களுள் எத்தனை பேர் அந்த எழுத்தை நினைத்திருப்பார்கள்?

வானொலியின் வரலாறும் இதில் குற்றமற்றதன்று. 1940களின் நடுவில், வாழ்க்கை முறை பழிக்கப்பட்ட பாடகியருக்கு இடமில்லை என்று இந்திய வானொலியில் ஓர் ஆணை பிறந்தது. ஒலிபெருக்கிக்கு முன் உரிமையோடு அமர்ந்திருந்த குரல்கள் பல அதனால் விலக நேர்ந்தன. சிலர் பெயரை மாற்றிக்கொண்டு, ‘தேவி’ என்றும் ‘பேகம்’ என்றும் அடைமொழி சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தனர்.

அஞ்சனிபாய் மால்பேகர் 1883இல் பிறந்தவர். பேந்தி பஜார் மரபின் நஜீர்கானிடம் இசை பயின்றவர். இளமையிலேயே மேடையில் புகழ் பெற்று, நடு வயதில் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டு, மும்பையிலேயே இருந்து மாணாக்கருக்குக் கற்பித்தார். குமார கந்தர்வரும் கிஷோரி ஆமோன்கரும் அவரிடம் கற்றவர்கள். 1958இல் சங்கீத நாடக அகாதெமி தன் உயர்ந்த சிறப்பான ஃபெலோஷிப்பை அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. மளவ்லியில் இருந்த அச்சகத்தில் 1972ஆம் ஆண்டு தீப்பற்றிக் கற்களும் படங்களும் பெரும்பாலும் அழிந்தன. அப்போது அஞ்சனிபாய் உயிரோடிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974இல் மறைந்தார்.